மகளுக்கு எந்தக் கல்லூரி? பட்டியல் எழுதுவது பற்றி ஒரு பாடம்



கடன் வாங்கும்போது எத்தனை யோசிக்கிறோம்! வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, மாடு வாங்கலாமா, தையல் மெஷின் வாங்கலாமா என்று குழுக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசுகிறோம். ஆனால் மகளின் நான்கு வருடப் படிப்பை முடிவு செய்யும் கல்லூரிப் பட்டியலை மட்டும் அரை மணி நேரத்தில், யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். இந்த இதழ் பாடம் அந்தப் பட்டியலைப் பற்றியது.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், பச்சமலை அடிவாரத்தில் உள்ள ஒரு குழுவின் உறுப்பினர் என்னிடம் வந்தார். "மேடம், பொண்ணு பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டா. இஞ்சினியரிங் கவுன்சலிங்குக்கு காலேஜ் பேரெல்லாம் போடணுமாம். நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றார். அன்று எனக்கு மூன்று குழுக்களில் தணிக்கை. "பிரவுசிங் சென்டர்ல இருக்கறவரு சொல்ற மாதிரி போடுங்கக்கா, அவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சென்டரில் இருந்தவர் ஆறே ஆறு வரிதான் போட்டிருக்கிறார். "பெரிய காலேஜை எல்லாம் மேல போட்டா கிடைக்காது, உள்ளதும் போயிரும். நிச்சயமா கிடைக்கறதை முதல்ல போடு" என்று சொல்லி, ஒரு தனியார் கல்லூரியை முதல் வரியாகப் போட்டுவிட்டார். அதுவே கிடைத்தது. பிறகுதான் தெரிந்தது, அதே இனப் பிரிவில், இவளைவிடக் குறைந்த கட்-ஆஃப் வாங்கிய ஒரு பெண்ணுக்கு அரசுப் பொறியியல் கல்லூரியில் இந்தப் பெண் ஆசைப்பட்ட அதே பாடம் கிடைத்திருக்கிறது. இவள் பட்டியலில் அந்த அரசுக் கல்லூரி ஐந்தாவது வரியில் இருந்தது!

அந்தப் பெண் இன்று படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் அம்மா நான்கு வருடமும் குழுவில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டினார். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அந்தக் கடனில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் எப்படி இடம் கொடுக்கிறது?

தமிழ்நாட்டில் இஞ்சினியரிங் படிப்புக்கு ஒற்றைச் சாளர முறை 1997ல் வந்தது. நுழைவுத் தேர்வு 2007ல் நின்றது. அதன்பின் பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200க்கு கட்-ஆஃப் போட்டு தரவரிசை எண் கொடுக்கிறார்கள். முன்பு எல்லோரும் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ராத்திரி பஸ் ஏறிப் போய், திரையில் பார்த்து இடத்தைச் சொல்ல வேண்டும். 2018 முதல் ஆன்லைன் ஆகிவிட்டது. இப்போது நாம் நேரில் போய்ச் சொல்வதில்லை. நமக்குப் பதிலாக நம் பட்டியல்தான் பேசுகிறது. அதனால்தான் அதில் இவ்வளவு கவனம் வேண்டும்.

ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். தரவரிசையில் முதலில் நிற்கும் மாணவியின் பட்டியலைக் கம்ப்யூட்டர் எடுக்கிறது. மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறது. முதல் வரியில் இடம் இருக்கிறதா? இருந்தால் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இல்லையென்றால் இரண்டாவது வரி. இப்படியே போகும். அவள் முடிந்த பிறகு அடுத்த எண். ஒவ்வொரு வரியிலும் பொதுப் பிரிவில் இடம் இருக்கிறதா என்றும், இல்லாவிட்டால் அவளுடைய இனப் பிரிவில் இருக்கிறதா என்றும் பார்க்கும். நம் மாநிலத்தில் 100 இடத்தில் 31 பொதுப் பிரிவு. மீதி 69ல் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. இது தவிர அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021ல் சட்டமானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நம் மகளின் முறை எப்போது வரும் என்பதை அவளது தரவரிசை எண்தான் முடிவு செய்கிறது. ஒரு கல்லூரியை அவள் முதல் வரியில் எழுதினாளா, ஐம்பதாவது வரியில் எழுதினாளா என்பதால் அந்தக் கல்லூரியில் அவளுக்குள்ள உரிமை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். மூன்று பெண்கள். இரண்டு இடம்தான் பாக்கி. ஒன்று அரசுக் கல்லூரி, ஒன்று தனியார் கல்லூரி. முதல் பெண் தனியாரை முதலில் எழுதியிருக்கிறாள், அது அவளுக்குப் போய்விட்டது. இரண்டாம் பெண் அரசுக் கல்லூரியை மேலேயும் தனியாரைக் கீழேயும் எழுதியிருந்தால் அரசுக் கல்லூரி கிடைக்கும். முதல் பெண் அரசுக் கல்லூரியை எடுத்திருந்தாலோ, இவள் அடுத்த வரிக்கு இறங்கித் தனியாரை வாங்கியிருப்பாள். இரண்டு வழியிலும் நஷ்டம் இல்லை. "ஆசைப்பட்டு மேல போட்டா உள்ளதும் போயிரும்" என்பது இந்த முறையில் உண்மையே இல்லை. மேலே எழுதியது கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளாது, ஒரு படி இறங்கும், அவ்வளவுதான்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? சில ஊர்களில் அது உண்மையாகவே இருந்திருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு வேறு முறை வைத்திருந்தார்கள். ஒரு பள்ளியை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே அங்கே முதலில் இடம். அதனால் நல்ல பள்ளிக்கு ஆசைப்பட்டு எழுதிக் கிடைக்காமல் போனவர்கள், இரண்டாவது விருப்பத்திலும் பின்னுக்குப் போனார்கள். சூட்சுமம் தெரிந்த குடும்பங்கள் தப்பித்தன, தெரியாத குடும்பங்கள் ஏமாந்தன. அது அநியாயம் என்று ஆராய்ச்சியாளர்கள் எடுத்துச் சொல்லி, 2005ல் அந்த முறையை மாற்றினார்கள். இப்படிப்பட்ட விஷயங்களை ஆராய்ந்த லாயிட் ஷேப்லி, ஆல்வின் ராத் என்ற இருவருக்கும் 2012ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. உண்மையான ஆசையை உள்ளபடி எழுதுகிறவர்கள் ஏமாறக் கூடாது என்பது அந்த ஆராய்ச்சி சொன்ன முக்கியமான பாடம்.

ஆகவே எந்தக் கவுன்சலிங் ஆனாலும் முதலில் ஒரே கேள்வி கேளுங்கள்: "மேலே எழுதியது கிடைக்காவிட்டால், கீழே எழுதியதில் என் முறை பின்னுக்குப் போகுமா?" போகாது என்றால், ஆசைப்பட்ட வரிசையிலேயே தைரியமாக எழுதலாம்.

கட்டாயம் வேறு, விருப்பம் வேறு

இனி பட்டியலுக்கு வருவோம். ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் "கட்டாயம்", வலது பக்கம் "விருப்பம்".

கட்டாயம் என்றால், அது இல்லாவிட்டால் சேரவே மாட்டோம் என்பது. விருப்பம் என்றால், இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சமாளிப்போம் என்பது. நாம் பெரும்பாலும் இரண்டையும் குழப்பிவிடுகிறோம். ஒரு அக்கா, "ஹாஸ்டல்னாலே வேண்டாம் மேடம்" என்றார். நான் கேட்டேன்: "வேற எதுவுமே கிடைக்கல, ஹாஸ்டல் இருக்கற அரசுக் காலேஜ் மட்டும் கிடைக்குதுன்னு வைங்க. பொண்ணு வீட்டிலயே இருக்கட்டும்னு சொல்வீங்களா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்ல, அனுப்பத்தான் செய்வேன்" என்றார். அப்படியானால் அது கட்டாயம் அல்ல, விருப்பம். அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து அடிக்கக் கூடாது, கீழே இறக்கி எழுத வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது யாருடைய கட்டாயம்? அண்ணனுக்கு ஹாஸ்டல் சரி, தங்கைக்கு மட்டும் கூடாது என்றால், அதைக் கட்டாயம் என்ற பக்கத்தில் எழுதுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்தே இந்த நோட்டை எழுதுங்கள்.

எந்தச் சல்லடையை முதலில் போடுவது?

பத்துக் கல்லூரி, ஒவ்வொன்றிலும் ஆறு பாடப் பிரிவு என்று வைத்தால் 60 வரி ஆகிறது. அறுபதையும் ஒவ்வொன்றாக விசாரிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அரிசி சலிக்கும்போது பெரிய கண் சல்லடையில் தொடங்குகிறோம் அல்லவா? அதுபோல, விசாரிக்கச் செலவில்லாத, ஆனால் நிறையக் கழித்துவிடும் கேள்வியை முதலில் கேளுங்கள்.

முதல் கேள்வி பெண்ணிடம்: "எந்தப் பாடம் உனக்கு வேண்டவே வேண்டாம்?" ஒரு நிமிடம்தான் ஆகும். ஆறில் மூன்று போய்விட்டால் 30 வரி மிச்சம்.

இரண்டாவது, பயணம். துறையூரிலிருந்து திருச்சி ஏறக்குறைய 45 கிலோமீட்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கல்லூரிப் பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். ஸ்ரீரங்கம் அரசுப் பொறியியல் கல்லூரி 2013ல் தொடங்கியது. பெயரில் ஸ்ரீரங்கம் இருந்தாலும் அது கோயில் பக்கத்தில் இல்லை, திருச்சியைத் தாண்டி மதுரைப் பக்கம் சேதுராப்பட்டியில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. வளாகம் புதுக்கோட்டை ரோட்டில். உப்பிலியபுரம் தாண்டி உள்ளே இருக்கும் கிராமத்திலிருந்து தினமும் போய் வர முடியுமா, முடியாவிட்டால் பெண்கள் விடுதி உண்டா? இதைக் கல்லூரிக்கு ஒரு தடவை கேட்டால் போதும். பத்தில் மூன்று கழிந்தால் ஏழு கல்லூரி, 21 வரி.

மூன்றாவது, பணம். இதற்குத்தான் ஒவ்வொரு கல்லூரிக்கும் போன் போட்டு, கல்விக் கட்டணம், பஸ் கட்டணம், விடுதி, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். வேலை அதிகம். அதனால்தான் கடைசியில் வைத்தோம். பத்துக்குப் பதில் ஏழு போன்தான். முதல் பட்டதாரி சலுகை, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களுக்கான கட்டணச் சலுகை, 2022ல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டம், ஆதிதிராவிடர், பழங்குடியினர் கல்வி உதவித்தொகை ஆகியவற்றில் அந்த ஆண்டு எது நமக்குப் பொருந்தும் என்று பார்த்துவிட்டு அதன்பிறகே "கட்ட முடியாது" என்று முடிவு செய்யுங்கள். ஒன்று கழிந்தது என்றால் ஆறு கல்லூரி, 18 வரி.

"இது என்றால் அது" என்கிற விருப்பம்

நம் விருப்பம் எப்போதும் நேர்கோட்டில் இருக்காது. ஒரு பெண் என்னிடம் இப்படிச் சொன்னாள்: "கம்ப்யூட்டர் கிடைச்சா ஹாஸ்டல்ல கூட இருந்து படிப்பேன் மேடம். எலெக்ட்ரிகல்னா வீட்டிலருந்து போய் வர்ற மாதிரி இருக்கணும். சிவில்னா அரசுக் காலேஜா இருந்தா மட்டும்தான்." இதை வெறுமனே "முதல் கம்ப்யூட்டர், இரண்டாவது எலெக்ட்ரிகல்" என்று எழுதினாலும் தப்பு. "முதல் இந்தக் கல்லூரி, இரண்டாவது அந்தக் கல்லூரி" என்று எழுதினாலும் தப்பு. கல்லூரியும் பாடமும் சேர்ந்ததுதான் ஒரு வரி. ஒவ்வொரு வரியையும் ஒரு தனிச் சீட்டில் எழுதுங்கள். பழைய காலண்டர் தாள் போதும்.

அவள் சொன்ன விதியை வைத்தே கழிக்கலாம். ஆறு கல்லூரியில் இரண்டுதான் அரசுக் கல்லூரி என்றால் சிவில் சீட்டில் நான்கு போய்விடும். போய் வர முடியாதவை இரண்டு என்றால் எலெக்ட்ரிகல் சீட்டில் இரண்டு போய்விடும். 18ல் 6 போக 12 சீட்டு மிச்சம்.

சீட்டுகளை வரிசையில் அடுக்குவது

பன்னிரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் தலை சுற்றும். இரண்டு இரண்டாகப் பாருங்கள். "இரண்டிலும் இடம் இருக்குன்னு கூப்பிட்டா எதுக்குப் போவ?" என்று ஒரே கேள்வி. ஆனால் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 66 தடவை கேட்க வேண்டும். பெண் எழுந்தே போய்விடுவாள்!

சுருக்கு வழி ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடப் பிரேயரில் உயர வரிசையில் நிற்கிறார்கள். புதிதாக ஒரு பிள்ளை வந்தால் டீச்சர் என்ன செய்வார்? நடுவில் நிற்பவளோடு அளந்து பார்ப்பார். அவளைவிட உயரம் என்றால் குட்டையான பாதியைப் பார்க்க வேண்டியதே இல்லை. மிச்சப் பாதியில் மறுபடி நடு. அதேபோல, முதலில் இரண்டு சீட்டை வரிசையாக வையுங்கள். மூன்றாவது சீட்டை எடுத்து அதற்குரிய இடத்தில் சொருகுங்கள். பிறகு ஒவ்வொரு புதுச் சீட்டையும் நடுச் சீட்டோடு ஒப்பிட்டு, மேல் பாதியா, கீழ் பாதியா என்று பாதி பாதியாகக் குறையுங்கள். பன்னிரண்டு சீட்டுக்கும் சேர்த்து 33 கேள்விக்கு மேல் வராது. சரிபாதி வேலை மிச்சம்.

இன்னும் குறைக்கலாம். ஒரு கல்லூரி பக்கத்திலும் இருக்கிறது, கட்டணமும் குறைவு, தேர்ச்சியும் நன்றாக இருக்கிறது, பாடமும் அதே பாடம். மற்றது எல்லா வகையிலும் கொஞ்சம் மட்டம். இங்கே கேள்வியே தேவையில்லை, மட்டமானது கீழே. ஆனால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! சந்தையில் நல்ல புடவை கையில் கிடைத்தால் மற்றதை மறந்துவிடலாம். இங்கே நல்லது நம் முறை வருவதற்குள் தீர்ந்துபோகலாம். அப்போது இதுதான் கை கொடுக்கும். சேரவே மாட்டோம் என்பதை மட்டும் அடியுங்கள். சேருவோம் என்பது எதுவானாலும் பட்டியலில் இருக்கட்டும். இஞ்சினியரிங் கவுன்சலிங்கில் எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம். தரவரிசை பின்னால் இருந்தால் பத்துக் கல்லூரியில் தொடங்காமல் முப்பதில் தொடங்குங்கள்.

கடைசியில் சரிபார்க்க

* போன வருடம் எந்தக் கட்-ஆஃபில் எந்தக் கல்லூரி முடிந்தது என்ற விவரம் கிடைக்கும். பட்டியல் எவ்வளவு நீளம் வேண்டும் என்று தெரிந்துகொள்ள அதைப் பாருங்கள். வரிசையை மாற்ற அதைப் பார்க்காதீர்கள்.
* பட்டியலை மேலிருந்து கீழே சத்தமாகப் படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் "இதுக்கு மேல இருக்கறது எதுவும் இல்லைன்னா, இது சந்தோஷமா?" என்று கேளுங்கள். எங்கே பெண்ணின் முகம் மாறுகிறதோ அங்கே நிறுத்திப் பேசுங்கள்.
* தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. ஏற்றுக்கொண்டு சேரலாம், அல்லது ஏற்றுக்கொண்டு மேலே உள்ள வரிக்குக் காத்திருக்கலாம். கையில் உள்ள இடத்தை விடாமல் காத்திருக்கும் வழி எது என்று அந்த ஆண்டின் விதிமுறையில் படித்து, குறித்த நாளுக்குள் பதில் கொடுங்கள். ஆனால் காத்திருக்க வேண்டுமென்றால் மேலே வரிகள் இருக்க வேண்டும். நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு மேலே எதுவுமே இல்லை, முதல் வரியே கிடைத்துவிட்டது.
* கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் பெண்ணின் கையில் மட்டும் இருக்கட்டும். பட்டியலை உறுதி செய்யும் பொத்தானை அவளே அழுத்தட்டும். பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
* "சீட் வாங்கித் தர்றேன், சர்டிபிகேட்டைக் கொடுங்க" என்று வருகிறவர்களிடம் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்.

போன வருடம் ஒரு குழுவில் இதைச் செய்து பார்த்தோம். திண்ணையில் காலண்டர் தாள் சீட்டுகளைப் பரப்பி, மேலே புளியங்கொட்டை வைத்து, பெண்ணும் அம்மாவும் பாட்டியும் உட்கார்ந்தார்கள். பாதியில் பாட்டி ஒரு சீட்டை எடுத்து, "இது தூரம்னு கீழ வெச்சீங்க. எம் பேத்தி இதைப் பாத்ததும் சிரிச்சா, நான் பாத்தேன். மேல வை" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். பெண் தலையைக் குனிந்துகொண்டு, "மேல வைம்மா" என்றாள். வைத்தோம்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. நம் குழுவில் அடுத்த வருடம் பிளஸ் டூ எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்? பட்டியல் போட எந்த ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம்?
2. உங்கள் மகளுக்கு நீங்கள் "கட்டாயம்" என்று நினைப்பதில் மூன்றைச் சொல்லுங்கள். அதில் எது உண்மையில் "விருப்பம்"?
3. குழுவில் 40,000 ரூபாய் இருக்கிறது, ஐந்து பேர் கடன் கேட்கிறார்கள். எது கட்டாயம், எது விருப்பம் என்று இதே முறையில் பிரித்துப் பாருங்கள். எந்தச் சல்லடையை முதலில் போடுவீர்கள்?

நோட்டை நடுவில் கோடு போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். இந்த முறை தணிக்கை இருந்தாலும் நான் உட்கார்ந்து பார்க்கிறேன்.